சுருட்டி வைத்த மெத்தை

பக்கத்துக் கட்டிலின் மெத்தையைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். டாக்டர் வந்து சுலோசனாவின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, அடுத்த வீட்டுப் பேச்சைச் சுவரில் காதுவைத்துக் கேட்கிறவர் மாதிரி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சத்தமே வரலியேம்மா, காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டபோதும், சுலோசனா இல்லையென்று தலையை ஆட்டியபோதும், "நடங்க. படுத்தே கெடந்தா குடலும் படுத்துக்கும். சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம், இல்லைன்னா மறுபடி ஸ்கேன் எடுத்து உள்ள என்னன்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்துக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு, அதில் யாரும் எப்போதும் படுத்திருக்கவில்லை என்பதுபோல, அதற்கும் அடுத்த கட்டிலுக்குப் போனபோதும் அவள் அந்த மெத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரி வரைக்கும் அதில் பழனாத்தாள் இருந்தாள். காங்கேயம் பக்கத்துக்காரி. இரண்டு பேருக்கும் ஒரே நாளில், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, பெருங்குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்து மிச்சக் குடலை இழுத்துத் தைத்திருந்தார்கள். காற்று பிரிந்தால் குடல் விழித்துக்கொண்டது என்று அர்த்தம். அதுவரைக்கும் வாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மூக்கில் நுழைத்த குழாய் வழியாக வயிற்றுக்குள் இருக்கும் பச்சை நிறத் தண்ணீர் ஒரு பையில் வந்து சேர்ந்துகொண்டிருக்கும், உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கோயம்புத்தூரில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதியில் ஆயுசில் பாதியை வார்டனாகக் கழித்தவள் சுலோசனா. வராந்தாவில் ஒரு பெண் சத்தமாக ஏப்பம் விட்டால்கூடக் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்ப்பாள், அந்தப் பார்வை போதும். அவளைத்தான் இப்போது டாக்டரும் நர்சும் படுக்கை விரிப்பு மாற்ற வருகிற அம்மாளும் மாறி மாறிக் கேட்கிறார்கள், காத்து போச்சா, காத்து போச்சா. எல்லாரையும்விட மோசம் பழனாத்தாள். வார்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற குரலில், "ஏனுங் டீச்சர், உங்களுக்குப் போச்சுங்களா?" நான் டீச்சர் இல்லம்மா, வார்டன். "அது கெடக்குதுங், போச்சுங்களா இல்லீங்களா?"

பழனாத்தாளுக்குப் போய்விட்டது. நேற்றுச் சாயங்காலம். கையைத் தட்டி, "டீச்சர், எனக்குப் போயிருச்சுங்!" என்று அவள் கத்தியதில் வார்டே சிரித்தது, தையல் வலிக்கும் என்று வயிற்றைத் தலையணையால் அமுக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியும் சிரித்தாள். நர்ஸ் வந்து மூக்குக் குழாயை உருவினாள். சின்ன டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீர் பழனாத்தாளின் தொண்டையில் இறங்கிய சத்தம் சுலோசனாவுக்குக் கேட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொறாமை என்று அதைச் சொல்ல முடியாது, தாகம் என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. இந்தப் பட்டிக்காட்டுக்காரிக்கு ஆகிவிட்டது, நமக்கு ஆகவில்லை, உடம்பில் எதையும் அடக்கி வைக்காதவளுக்கு எல்லாம் சுலபமாக ஆகிறது. அப்புறம் இவளுக்கு வலிக்கு ஊசி போட்டார்கள். தூக்கத்துக்குள் சக்கரம் உருண்டது. யாரோ "மெதுவா, தலையப் புடி" என்றார்கள். ஒரு எவர்சில்வர் மூடி தரையில் விழுந்து சுற்றிச் சுற்றி அடங்கியது. அது நடந்ததா, கனவா? மூடி விழுந்த சத்தம் நிஜம். கனவில் பாத்திரம் விழுந்தால் அது அடங்குகிற வரைக்கும் யாரும் காத்திருப்பதில்லை. விடிந்து பார்த்தால் மெத்தை சுருட்டியிருந்தது, இரும்புக் கட்டிலின் பட்டைகள் விலா எலும்பு மாதிரித் தெரிந்தன.

நர்ஸிடம் கேட்டாள். "அந்தம்மாவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குச்சு, ஐசியூல வெச்சுப் பாக்கறாங்க. நீங்க நடந்தீங்களா?" விரிப்பு மாற்றுகிற அம்மாளிடம் கேட்டாள். "அவங்க வேற ரூமுக்குப் போயிட்டாங்கம்மா, ஏசி ரூமு." கூட இருந்து பார்த்துக்கொள்கிற தம்பி பெண்டாட்டி கோமதியிடம் கேட்டாள். கோமதி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்து மூடி, "வீட்டுக்கு அனுப்பிட்டாங்கக்கா. அதான் நேத்தே காத்து பிரிஞ்சுருச்சில்ல. மஞ்சச் சேலை கட்டிட்டுத் தெம்பா நடந்து போனாங்க. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்ப வேண்டாம்னுட்டாங்க" என்றாள். மஞ்சள் சேலை. பொய்யில் எப்போதும் ஒரு வார்த்தை அதிகமாக இருக்கும், அதைச் சுலோசனாவுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பெரியப்பா வந்திருந்தார் மேடம், கார்ல கூட்டிட்டுப் போனார் மேடம், வெள்ளைச் சட்டை போட்டிருந்தார் மேடம். யார் கேட்டார்கள் வெள்ளைச் சட்டையை? விடுதியில் எத்தனை பெண்கள், எத்தனை பெரியப்பாக்கள். பொய் சொல்கிறவள் நாம் கேட்காத இடத்தில் வண்ணம் பூசுவாள், கேட்ட இடத்தில் வெறுமனே விட்டுவிடுவாள். வயிறு வெட்டப்பட்டவள் மூன்றே நாளில் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு நடந்து போனாளாம். பாவம் கோமதி, நல்லவள், பொய்யும் நல்ல பொய்தான், தலையணையைத் தட்டி வைக்கிற மாதிரி தட்டித் தட்டி மிருதுவாக்கி வைத்த பொய். அதில் தலை வைத்துப் படுக்கத்தான் முடியவில்லை.

ஏனென்றால் காற்று பிரிந்தும் பழனாத்தாளுக்கு இப்படி. அந்த நினைப்பின் ஓரத்துக்கு வந்ததும் மனசு செருப்பில் முள் குத்தினாற்போல நின்றது, திரும்பியது, வேறு பக்கம் போய்ப் பார்த்தது, மறுபடி அங்கேயே வந்தது. காற்று பிரிந்தால் பிழைத்தோம் என்றுதானே இத்தனை நாள் கிடந்தது. அப்படி இல்லையென்றால் பிழைத்ததற்கு வேறு என்ன அடையாளம்? வயிற்றுக்குள் ஒன்றும் அசையவில்லை. அது அவளுடைய வயிறு மாதிரியே இல்லை, யாரோ கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போன மூட்டை மாதிரி கனமாக, உப்பலாக, பிளாஸ்திரிக்குக் கீழே சூடாக இருந்தது. உள்ளே தைத்திருக்கிறார்கள். ரவிக்கைக்குக் கை தைக்கிற மாதிரி ஒரு முனையை இன்னொரு முனையோடு வைத்துச் சுற்றித் தைத்திருக்கிறார்கள். ஒரு இழை விட்டால் போதும். அம்மாவுக்கும் குடல்தான். குடல் முறுக்கிக்கிச்சு என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது, துணியைப் பிழிவதற்கு முறுக்குவதுபோல சின்னப் பெண்ணாக இருந்த இவள் அப்போது நினைத்துக்கொண்டாள், பிழிந்தால் தண்ணீர் வருமே, அம்மாவிடமிருந்து என்ன வரும் என்று. பவானி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இவளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வருவா என்றார்கள், தோல் உரிக்க வராத சின்னப் பழம் இல்லே, பெருசு என்றார்கள். திரும்பி வந்தபோது வீட்டை அலசி விட்டிருந்தார்கள், தரையில் ஈரம் காயவில்லை, அம்மாவின் பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பாய் ஆள் மாதிரியே நின்றது, கதவைச் சாத்தும்போதெல்லாம் தெரியும், திறந்தால் மறைந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான் பென்சில் சீவிக்கொண்டே, "உங்கம்மா செத்துப்போச்சாமே" என்றாள். அந்தப் பெண்ணின் மேல் அவளுக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. பெயர்கூட மறந்துவிட்டது, பென்சில் சீவலின் வாசனை மட்டும் இருக்கிறது. அவள் ஒருத்திதான் சொன்னாள்.

"அக்கா, டாக்டர் நடக்கச் சொன்னாரில்ல, ஒரு சுத்து போயிட்டு வரலாமா?" என்றாள் கோமதி. எழுந்திருப்பது என்றால் முதலில் ஒருக்களிக்க வேண்டும், தலையணையை வயிற்றோடு அணைக்க வேண்டும், காலைத் தொங்கவிட வேண்டும், குளுக்கோஸ் தாங்கியைப் பிடிக்க வேண்டும், இடுப்பிலிருந்து வருகிற குழாயின் பையைக் கோமதி தூக்கிக்கொள்ள வேண்டும். உலகம் ஒருமுறை வெளுத்து மறுபடி நிறம் பெற்றது. வாசலுக்குப் போவதற்கு அந்தக் கட்டிலைத் தாண்டித்தான் போகவேண்டும். கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியின் கதவு சரியாகச் சாத்தவில்லை, இடுக்கில் ஒரு சேலைத் தலைப்பு தெரிந்தது. ஊதா நிறம். வீட்டுக்குப் போனவள் சேலையை விட்டுவிட்டா போவாள்? கால் நின்றுவிட்டது. கோமதியும் அதைப் பார்த்தாள், பார்த்ததை மறைக்க அந்தப் பக்கமாக வந்து நின்றுகொண்டு, "வாங்கக்கா, வராந்தாவுல காத்து நல்லா வரும்" என்றாள். காற்று என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள், வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். "எனக்குத் தலை சுத்துது, படுத்துக்கறேன்" என்றாள் சுலோசனா. பயந்துகொண்டு படுக்கிற பிள்ளை மாதிரி முகம்வரை போர்வையை இழுத்துக்கொண்டாள். விடுதியில் பெண்கள் அழும்போது அப்படித்தான் இழுத்துக்கொள்வார்கள். ரவுண்ட்ஸ் போகையில் போர்வை மூடிய உருவங்களைப் பார்த்து இவள் விளக்கை அணைத்துவிட்டுப் போவாள், என்ன என்று கேட்பதில்லை, கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

போர்வைக்குள் வெளிச்சம் பழுப்பாக இருந்தது. மதியச் சாப்பாட்டு வண்டி வந்து போனது, ரசத்தின் வாசனை வந்தது, மற்றவர்கள் சாப்பிடுகிற சத்தம் வந்தது, டம்ளர்கள், கரண்டிகள், யாரோ உப்பு போதவில்லை என்றார்கள். வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. ஏனுங் டீச்சர். திடுக்கிட்டாள். குரல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது, காதுக்கு அவ்வளவு அருகில். ஏனுங் டீச்சர், தூங்கறீங்களா? கோமதி நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாள். மயக்க மருந்து சில பேருக்கு இப்படிப் பண்ணும், வயசானவர்களுக்கு இல்லாத குரல் கேட்கும் என்று நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள். சொல்லியிருந்தாலும் என்ன, கேட்கிறது. எங்கூட்டு மாடு உங்களையாட்டவேதானுங், கோவம் வந்தா மூஞ்சியத் திருப்பிக்கும். இது நேற்று முன்தினம் சொன்னது. நினைவுதான் இது, குரல் இல்லை. உங்களுக்கு யாருமில்லீங்களா, கண்ணாலமே பண்ணிக்கலீங்களா? அதுவும் முன்பு கேட்டதுதான், இவள் பதில் சொல்லாமல் இருந்தது. அடுத்து ஒன்று கேட்டால், புதிதாக ஒன்று, அவள் உயிரோடு இருக்கும்போது கேட்காத ஒன்று, அது நினைவாக இருக்க முடியாதே. அந்தப் புதிய வார்த்தைக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வராமல் இருக்க வேண்டுமே என்றும் இருந்தது, வரட்டும் என்றும் இருந்தது. உயிரோடு இருக்கும்போது என்று ஏன் நினைத்தேன்? யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அதனால்தான். ஒருத்தி இருக்கிறாள் என்றால் இருக்கிறாள் என்று சொல்லிவிடுவார்கள், அதற்கு இத்தனை விதமாகச் சொல்ல வேண்டியதில்லை.

போர்வையை விலக்கியபோது ஜன்னல் வெயில் மஞ்சளாகி இருந்தது. பக்கத்துக் கட்டிலருகே ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பின்கழுத்தில் வெயில் சுட்ட கோடுகள். பழனாத்தாளின் புருஷன் நாச்சிமுத்து. தினமும் பார்வையாளர் நேரத்தில் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றுவிட்டுப் போவார், பேச்செல்லாம் அவள்தான் பேசுவாள். ஊதாச் சேலையை அவர் மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தார், நீளவாட்டில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை, அது கையிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது. கோமதி எழுந்து நின்று அவருக்குக் கண்ணால் ஏதோ சொன்னாள், வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்தாள். சுலோசனா பார்த்துவிட்டாள். "கோமதி, நீ உக்காரு" என்றாள், குழாய் உறுத்திய தொண்டையில் பழைய வார்டன் குரல் எங்கிருந்தோ வந்தது. "ஐயா. பழனாத்தாள் எங்கே?"

அவர் சேலையைக் கீழே வைக்கவில்லை. "போயிட்டாளுங் டீச்சர்" என்றார். "நேத்து ராத்திரி மூச்சு வாங்குச்சுங், கொண்டு போயி மெசின்ல வெச்சாங்க. உச்சி நேரத்துக்குப் போயிட்டா. கீழ பையன் வண்டிக்குச் சொல்லீட்டிருக்கறான். நான் சாமானம் எடுக்கலாம்னு வந்தனுங்." அவ்வளவுதான். ஒரு வார்த்தை அதிகம் இல்லை, வண்ணம் இல்லை. சுலோசனாவுக்கு உள்ளே ஏதோ அவிழ்ந்தது. துக்கம் என்றுதான் முதலில் நினைத்தாள், விலாவுக்குக் கீழே ஒரு உருளல், தண்ணீர்க் குழாயில் அடைப்பு விட்டாற்போல ஒரு குடுகுடுப்பு, பிறகு அது அவள் அனுமதியைக் கேட்காமல், போர்வை, மெத்தை, ரப்பர் விரிப்பு எல்லாவற்றையும் மீறி, நீளமாக, வெட்கமில்லாமல், அந்த ஆள் மனைவியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே வெளியே வந்தது. வார்டு அமைதியாக இருந்தது. சாகலாம்போல இருந்தது அவளுக்கு. சாகலாம்போல என்று அந்த நேரத்தில் நினைத்ததற்காக இன்னும் கூசியது. கோமதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. முகத்தை எங்கே கொண்டு வைப்பது? ஒருத்தி போய்விட்டாள் என்று கேட்டதற்கு இதுவா பதில்? "மன்னிச்சுக்குங்க" என்றாள், "ஐயா, மன்னிச்சுக்குங்க."

"போச்சுங்களா?" என்றார் நாச்சிமுத்து. பழனாத்தாள் கேட்கிற அதே மாதிரி, ஆனால் மெல்ல. "நல்லதுங். அட, நல்லதுங். மெசின் வெக்கறதுக்கு முன்னால அவ கேட்டா, டீச்சருக்கு ஆச்சான்னு. எனக்கென்னங் தெரியும், ஆச்சு ஆச்சுன்னு சொல்லிப்போட்டேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "பொய்தான் சொன்னனுங். இப்ப அது பொய்யில்லாமப் போச்சு."

கோமதி ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தாள். நர்ஸ் டாக்டருக்குப் போன் செய்தாள், வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், ஒரு மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மூக்கிலிருந்து குழாயை உருவினாள். தொண்டையிலிருந்து பாம்பு இறங்கிப் போனதுபோல இருந்தது. டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்து, "ஒரே ஒரு வாய், மெதுவா" என்றாள். இத்தனை நாளும் கனவில்கூட வந்த தண்ணீர். உதட்டருகே வந்ததும் சுலோசனா வாயை இறுக்கிக்கொண்டாள். பழனாத்தாளும் இப்படித்தான் குடித்தாள். இதே டம்ளராகக்கூட இருக்கலாம். அந்தத் தொண்டையில் இறங்கிய சத்தம் கேட்டது, அப்புறம் சக்கரம், அப்புறம் மெத்தை. "வேண்டாம்." "அக்கா, என்னக்கா இது?" "வேண்டாம்னா வேண்டாம்." நர்ஸ் விழித்தாள். காரணத்தை எப்படிச் சொல்வது, அதுவும் இந்த ஆளை வைத்துக்கொண்டு. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது. மடித்த சேலையைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து வந்தார். "தண்ணியால இல்லீங் டீச்சர். கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாயி, அது மேல ஏறி நெஞ்சை அடைச்சுப்போட்டுதுன்னு டாக்டரு படம் போட்டுக் காட்டுனாருங். நூத்துல ஒருத்தருக்கு வருமாமா. அது அவளுக்கு வந்துருச்சு. தண்ணி ஒண்ணும் பண்ணுலீங். அந்தத் தண்ணியக் குடிச்சுப்போட்டுத்தான் அவ கடைசியாச் சிரிச்சா." நர்ஸின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். "குடிங்."

அவள் குடித்தாள். தண்ணீர் உள்ளே போகிற வழி முழுக்கத் தெரிந்தது, நாக்கு, தொண்டை, நெஞ்சு, அதற்குக் கீழே அவளுடையதே இல்லை என்று நினைத்திருந்த அந்த மூட்டை. அது மறுக்கவில்லை. அவர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார். ஒரு கணம் நின்றார். துக்கத்தில் இருப்பவர் வருகிறேன் என்று சொல்லக்கூடாது, அவளும் வாங்க என்று சொல்லக்கூடாது, அது இரண்டு பேருக்கும் தெரியும். தலையை மட்டும் அசைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

சுலோசனா ஒருக்களித்தாள், தலையணையை வயிற்றோடு அணைத்தாள், காலைத் தொங்கவிட்டாள். "அக்கா, எங்கே எந்திரிக்கறீங்க?" அவள் குளுக்கோஸ் தாங்கியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், கோமதி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். பக்கத்துக் கட்டிலைத் தாண்டினாள், வாசலைத் தாண்டினாள். வராந்தாவில் அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார், பை காலில் இடித்து இடித்து. தாங்கியின் சக்கரம் கிறீச்சிட்டதைக் கேட்டிருப்பார், திரும்பவில்லை, நடையை மட்டும் குறைத்துக்கொண்டார். அவருக்கு நாலடி பின்னால், ஊரிலிருந்து யாரும் வந்து சேராத அந்தச் சாவுக்கு முதல் ஆளாக, தலைமுடி கலைந்து, பின்பக்கம் நாடா கட்டிய ஆஸ்பத்திரிக் கவுனோடு அவள் போனாள். வழியில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். லிஃப்ட் வந்தது. அவர் உள்ளே போய் இந்தப் பக்கம் திரும்பி நின்றபோது முகம் கோணிக்கொண்டு வந்தது, அதை மறைக்க அவர் துண்டை எடுப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அவள் அந்தக் கதவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். கீழே எங்கேயோ ஒரு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது, அந்த வண்டியாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. யாரோ எங்கேயோ தோசை வார்க்கிற வாசனை வந்தது. வயிறு ஒருமுறை உருண்டது. இந்த நேரத்திலா என்று அதை அதட்டப் பார்த்தாள், முடியவில்லை. பசித்தது.